கைக்கெட்டும் சான்றே கட்டுரைப் பொருள்: கல்லூரிப் பருவக் கட்டுரைக்கு ஓர் ஒப்பீட்டு வழிகாட்டி

பருவக் கட்டுரை என்பது, ஆசிரியர் ஒப்புக்கொண்ட ஒரு கேள்விக்கு மாணவர் தாமே திரட்டிய சான்றுகளைக் கொண்டு ஒரு பருவத்துக்குள் விடை கண்டு, அந்த விடைக்கு வந்த வழியைப் படிப்பவர் சரிபார்க்கும்படி எழுதித் தரும் ஆக்கம் ஆகும். 1997இல் தொடங்கப்பட்டுச் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களின் கல்லூரிகளைத் தன் எல்லைக்குள் கொண்டுள்ள பெரியார் பல்கலைக்கழகத்தின் வட்டாரத்தில், அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்ற பிரிப்பே பரவலாக இருப்பதால், ‘அசைன்மென்ட்’ என்ற பெயரில் கேட்கப்படும் எழுத்துக்கு அந்த 25இல் ஒரு சிறு பங்குதான் கிடைக்கிறது. ஆயினும் இறுதியாண்டு ப்ராஜெக்ட், முதுகலை ஆய்வேடு, பின்னர் முனைவர்ப் பட்ட ஆய்வு என்று நீளும் பாதையில் மாணவர் முதன்முதலாகச் சான்றைக் கையாளப் பழகும் இடம் இதுவே என்பதால், மதிப்பெண்ணைவிடப் பயிற்சியே இங்குப் பெரிய ஊதியம்.

இந்த வழிகாட்டி, சேலத்துக்குக் கிழக்கே ஆத்தூர்ச் சாலையில் உள்ள அயோத்தியாப்பட்டணத்திலிருந்து கல்லூரிக்குச் சென்றுவரும் ஒரு கலைப்பிரிவு மாணவரை மனத்தில் கொண்டு, நூல்வழி, ஆவணவழி, களவழி என்ற மூன்று வகைக் கட்டுரைகளை ஒப்பிடுகிறது. எந்த வகையைத் தேர்ந்தாலும், கிடைக்கும் காலத்துக்குள் தம் கையால் சரிபார்க்கக்கூடிய சான்று எது என்பதைப் பார்த்துக் கேள்வியை அமைத்துக்கொள்ளும் மாணவரே நல்ல கட்டுரையை எழுதி முடிக்கிறார் என்பது இதன் அடிப்படைக் கருத்து.

பொருளிலிருந்து கேள்விக்கு

பொருள் என்பது கட்டுரை எதைப் பற்றியது என்பதைச் சொல்லும் தலைப்பு. கேள்வி என்பது அந்தப் பொருளில் இன்னும் தெரியாத ஒன்றைச் சுட்டுவது. மையக்கருத்து என்பது அக்கேள்விக்குக் கட்டுரை தரும் விடையை ஒரே வாக்கியத்தில் சொல்வது. ‘சேலம் மாவட்டத்தில் ஜவ்வரிசித் தொழில்’ என்று தலைப்பெழுதித் தொடங்கும் கட்டுரை, தொழிலின் தோற்றம், வளர்ச்சி, பயன்கள், சிக்கல்கள், தீர்வுகள் என்ற வழக்கமான ஐந்து உட்தலைப்புகளில் பக்கங்களை நிரப்பிவிட்டு, எதையும் நிறுவாமலே முடிந்துவிடுகிறது. அதே பொருளிலிருந்து, ‘ஆலையில் மரவள்ளிக் கிழங்குக்கு, மாவுச்சத்தின் அளவைக் குறிக்கும் பாயிண்ட் கணக்கில் விலை போடப்படும்போது, அந்தக் கணக்கைச் சரிபார்க்க விவசாயிக்கு என்ன வழி இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டால், யாரைப் பார்க்க வேண்டும், எதைப் படிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பவை கேள்வியிலிருந்தே தெளிவாகின்றன.

மூன்று வழிகளையும் ஒரே பொருளில் வைத்து ஒப்பிட்டால்தான் வேறுபாடு விளங்கும் என்பதால், ஆத்தூர், வாழப்பாடி, ராசிபுரம் வட்டாரங்களில் குச்சிக்கிழங்கு என்று வழங்கும் மரவள்ளியும் அதிலிருந்து செய்யப்படும் ஜவ்வரிசியும் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

முதல் வழி: நூல்வழிக் கட்டுரை

நூல்வழிக் கட்டுரை என்பது, ஒரு கேள்வியைப் பற்றிப் பிறர் ஏற்கெனவே எழுதிய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் படித்து, அவர்கள் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று மதிப்பிட்டு எழுதுவது ஆகும். சேலம் மாவட்ட மைய நூலகம், கல்லூரி நூலகம், கருப்பூரில் உள்ள பல்கலைக்கழக நூலகம் ஆகியவை இதற்கு முதல் இடங்கள். வீட்டிலிருந்தபடியே படிக்க, இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர்ப் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்துவைத்துள்ள ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியமும், பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் படமாக்கித் தரும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன.

இந்த வழியில் செலவு குறைவு, பயணம் குறைவு, வானிலையோ விடுமுறையோ தடை செய்வதில்லை. ஒரு மேற்கோளைச் சரிபார்க்க நூலை மறுபடி திறந்தால் போதும். ஆனால் நூல்வழிக் கட்டுரை மிக எளிதாகத் தொகுப்பாகச் சரிந்துவிடக்கூடியது: ஒவ்வொரு பத்தியும் ஒவ்வோர் ஆசிரியர் சொன்னதைச் சுருக்கித் தர, மாணவரின் குரல் எங்கும் கேட்காமல் போகிறது. இதைத் தவிர்ப்பதற்குப் பத்திகளை ஆசிரியர் பெயரால் பிரிக்காமல் கருத்து வேறுபாட்டால் பிரிப்பது நல்ல உத்தி.

ஜவ்வரிசிப் பொருளில் இதற்கு ஒரு தக்க இடம் உண்டு. சாகோ என்று ஆங்கிலத்தில் வழங்கும் அசல் ஜவ்வரிசி ஒருவகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுக்கப்படுவது. இரண்டாம் உலகப்போரின்போது மலேயாப் பகுதியிலிருந்து வந்த இறக்குமதி தடைபட, மரவள்ளி மாவைக் கொண்டு அதற்கு மாற்றுச் சரக்கு செய்யும் முயற்சியாகச் சேலத்தில் இத்தொழில் தொடங்கியது. போர்க்கால இறக்குமதித் தடையே தொழிலை உண்டாக்கிய காரணம் என்று ஒரு பக்கமும், மானாவாரியாகவும் குறைந்த நீரிலும் வளரும் பயிருக்கு ஏற்ற நிலமும் உள்ளூர் வணிகரின் முதலும் ஏற்கெனவே இங்கே இருந்தமையே காரணம் என்று மறு பக்கமும் வாதிட முடியும் என்பதால், படித்த நூல்களை இந்த இரு பக்கங்களுக்கு இடையே நிறுத்தி எடைபோடும்போது தொகுப்பு வாதமாக மாறுகிறது. ஓர் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை அப்படியே எடுத்துச் சுருக்குவதைவிட, அதன் துணைநூற்பட்டியலைப் படித்து அங்கிருந்து மூல நூல்களுக்குச் செல்வதே ஷோத்கங்காவைப் பயன்படுத்தும் சரியான முறை.

இரண்டாம் வழி: ஆவணவழிக் கட்டுரை

ஆவணவழிக் கட்டுரை, பிறர் செய்த விளக்கங்களுக்குப் பின்னால் சென்று, நிர்வாகமும் நிறுவனங்களும் தத்தம் தேவைக்காக உண்டாக்கிய பதிவுகளை நேரடியாகப் படிப்பது ஆகும். சேலத்தைப் பொறுத்தவரை இந்த வகைச் சான்று வளமாகவே இருக்கிறது. லெஃபானு தொகுத்து 1883இல் வெளிவந்த சேலம் மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்ஸ் எழுதி 1918இல் வெளிவந்த சேலம் மாவட்ட கெசட்டியர், பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகள், தமிழ்நாடு அரசின் பொருளியல், புள்ளியியல் துறை ஆண்டுதோறும் வெளியிடும் பருவ, பயிர் அறிக்கை, கிராம நிர்வாக அலுவலர் பராமரிக்கும் அடங்கல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கெசட்டியர் என்பது ஒரு மாவட்டத்தின் நிலம், மக்கள், வரலாறு, வேளாண்மை, வருவாய் ஆகியவற்றை அரசு அலுவலர்களின் பயன்பாட்டுக்காகத் தொகுத்த நூல். அடங்கல் என்பது ஒவ்வொரு புல எண்ணிலும் எந்தப் பருவத்தில் என்ன பயிர் இருந்தது என்பதைக் காட்டும் கிராமக் கணக்கு.

ஆவணங்களின் வலிமை, அவை மாணவருக்காக எழுதப்படாதவை என்பதில் இருக்கிறது. அவற்றின் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. அவை எந்த எல்லைக்குள், எந்த ஆண்டுக் கணக்கில், யாருடைய தேவைக்காக உண்டாக்கப்பட்டன என்று கேட்காமல் எண்களை மட்டும் பெயர்த்தெழுதினால், கட்டுரை தவறான முடிவுக்குத் துணிவோடு வந்து சேர்ந்துவிடும். எடுத்துக்காட்டாக, சேலம் மாவட்டத்தில் மரவள்ளி பயிரிடப்பட்ட பரப்பை ஆண்டுவாரியாக வரைபடம் போடும் மாணவருக்கு, 1990களின் பிற்பாதியில் கோடு திடீரென்று கீழே விழுவது தெரியலாம். அதைக் கண்டு விவசாயிகள் மரவள்ளியைக் கைவிட்டனர் என்று எழுதுமுன், 1997 ஜனவரியில் ராசிபுரத்தையும் சேந்தமங்கலத்தையும் உள்ளடக்கிய நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்ததை அவர் நினைவில் கொள்ள வேண்டும். அந்தக் கிழங்குக் காடுகள் இருந்த இடத்திலேயே இருக்க, கணக்குப் புத்தகம் மட்டுமே மாறியது. 1965இல் தருமபுரி பிரிவதற்குச் சற்று முன்பு வெளிவந்த புள்ளிவிவரங்களில் ‘சேலம்’ என்பது இன்றைய நான்கு மாவட்டங்களையும் குறிக்கும். ஆகவே நீண்ட கால ஒப்பீடு செய்ய விரும்புபவர், பிரிவினைக்குப் பிந்தைய மாவட்டங்களின் எண்களைக் கூட்டிப் பழைய எல்லையை மீட்டெடுக்க வேண்டும். அல்லது பெயரும் எல்லையும் மாறாத ஒரு வருவாய்க் கிராமத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டுக் கணக்கிலும் இதே எச்சரிக்கை தேவைப்படுகிறது. கிராமக் கணக்குகள் ஜூலை முதல் நாள் தொடங்கி ஜூன் இறுதியில் முடியும் பசலி ஆண்டைப் பின்பற்றுகின்றன. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான காலம் பசலி 1434 ஆகும். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டின் விலை விவரத்தையும் பசலி ஆண்டின் பரப்பு விவரத்தையும் பக்கத்தில் பக்கமாக வைப்பவர், இரண்டுக்கும் இடையே மூன்று மாத இடைவெளி உள்ளதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

பொதுவெளியில் இல்லாத ஆவணத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ்க் கேட்டுப் பெறலாம். விடையளிக்க அலுவலகத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், மனுவைப் பருவத்தின் முதல் இரண்டு வாரங்களுக்குள் அனுப்பினால்தான் விடை கட்டுரைக்குப் பயன்படும். பருவத்தின் நடுவில் அனுப்பிய மனுவை நம்பிக் கேள்வியை அமைப்பது கூடாது.

மூன்றாம் வழி: களவழிக் கட்டுரை

களவழிக் கட்டுரை என்பது நேரில் சென்று பார்த்தும், கேட்டும், அளந்தும் பெற்ற செய்திகளைச் சான்றாகக் கொள்வது. அயோத்தியாப்பட்டணத்து மாணவருக்கு இவ்வழியில் இயல்பான ஒரு சாதகம் உண்டு: சென்னையிலிருந்து வரும் ஆய்வாளர் பல நாள் தங்கிப் பழக வேண்டிய ஆட்களை, அவர் பேருந்தில் போய் மாலைக்குள் பார்த்துத் திரும்பிவிடலாம். ஆலைக்கு வந்த கிழங்கு கழுவப்பட்டு, தோல் உரிக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, பால் வடிகட்டித் தொட்டியில் தெளியவைக்கப்படுவதையும், அடியில் தங்கிய ஈர மாவு குலுக்கப்பட்டு மணியாகத் திரண்டு, வறுபட்டு, களத்தில் வெயிலில் காய்வதையும், எஞ்சிய திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போவதையும் ஒருமுறை பார்த்தவருக்கு, நூலில் ஒரு வரியாக இருக்கும் செய்முறையில் எந்தக் கட்டத்தில் நீர் அதிகம் செலவாகிறது, எந்த வேலையைப் பெண்கள் செய்கிறார்கள், மழை வந்தால் எது நின்றுபோகிறது என்ற கேள்விகள் தாமாகவே எழும்.

முன்னர்ச் சுட்டிய விலைக் கேள்வி களவழிக்கே உரியது. பாயிண்ட் என்பது கிழங்கில் உள்ள மாவுச்சத்தின் அளவைக் குறிக்கும் எண். ஆலைக்கு வந்த சுமையிலிருந்து மாதிரி எடுத்து இந்த எண் கணிக்கப்பட, ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று பெருக்கி டன் விலை முடிவாகிறது. கணக்குக்காக 28 பாயிண்ட், பாயிண்டுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு டன்னுக்கு 11,200 ரூபாய் வரும். அதே கிழங்குக்கு 26 பாயிண்ட் என்று எழுதப்பட்டால் 10,400 ரூபாய்தான் வரும். 10 டன் சுமையில் இந்த இரண்டு பாயிண்ட் வேறுபாடு 8,000 ரூபாய். இவ்வளவு பணம் எந்த எண்ணைச் சார்ந்து நிற்கிறதோ அதை அளப்பவர் யார், அளக்கும்போது விவசாயி அருகில் இருக்கிறாரா, மறு அளவை கேட்க முடிகிறதா, இடைத்தரகர் வழியாகக் கிழங்கு போகும்போது அந்தச் சீட்டு யார் கைக்கு வருகிறது என்பவை எந்த நூலிலும் எளிதில் கிடைக்காதவை.

இந்தச் சாதகத்துக்கு ஈடாகக் களவழியில் மூன்று கடமைகள் சேர்கின்றன. முதலாவது, எல்லாத் தரப்பையும் கேட்பது: விவசாயி, இடைத்தரகர், ஆலை உரிமையாளர், ஆலைத் தொழிலாளர் ஆகிய நால்வரும் ஒரே விலையைப் பற்றி நான்கு விதமாகப் பேசுவார்கள் என்பதால், இருவர் பேச்சை மட்டும் கேட்டெழுதும் கட்டுரை ஒரு தரப்பின் மனுவாகிவிடும். இரண்டாவது, ஒப்புதல் பெறுவது: எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதை முதலிலேயே சொல்லி, ஒப்புதல் பெற்று, பெயரை மறைத்து, ‘ஐந்து ஏக்கர் மரவள்ளி விவசாயி, ஆண்’ என்பதுபோல் ஆளைக் காட்டாத, தரப்பை மட்டும் காட்டும் குறிப்பைக் கொடுப்பது. மூன்றாவது, பொதுமைப்படுத்தாமல் இருப்பது: சிலரிடம் கேட்டதைக் கொண்டு ‘சேலம் மாவட்ட விவசாயிகள் கருதுகின்றனர்’ என்று எழுதாமல், எத்தனை பேரிடம், எந்த ஊர்களில், எந்த மாதத்தில் கேட்கப்பட்டது என்பதை வெளிப்படையாகக் கூறுவது. கேட்ட செய்தியை அன்று இரவே எழுதிவைக்காதவர், பிறகு தம் நினைவையே பேட்டி என்று எழுத நேரிடும்.

காலமும் கணக்கில் வர வேண்டும். அரவை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நடப்பதில்லை. ஆலை ஓடாத மாதத்தில் களப்பணிக்குத் திட்டமிட்ட மாணவர், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிக் கடைசி வாரத்தில் நூல்வழிக்கு மாற வேண்டியிருக்கும்.

எந்த நிலையில் எது

மூன்று வழிகளுக்கும் இடையே தேர்ந்தெடுக்கக் காலம், வழிகாட்டுதல், கேள்வியின் தன்மை ஆகிய மூன்றையும் ஒருங்கே பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்கும் குறைவான காலமே இருந்தால் நூல்வழியே பொருத்தம். இரண்டு மாதமும், எண்களைப் படிக்கும் பொறுமையும் இருந்தால் ஆவணவழி நல்ல பலன் தரும். முழுப் பருவமும் கையில் இருந்து, வினாநிரலைத் திருத்தித் தர ஓர் ஆசிரியரும் கிடைத்தால் மட்டுமே களவழியைத் தனித்து நம்பலாம். ‘ஏன் தொடங்கியது’ என்ற கேள்விக்கு நூலும், ‘எவ்வளவு மாறியது’ என்ற கேள்விக்கு ஆவணமும், ‘இப்போது எப்படி நடக்கிறது’ என்ற கேள்விக்குக் களமும் ஏற்றவை.

சான்றையும் கேள்வியையும் பொருத்துவதில் நேரும் பிழைக்கு அயோத்தியாப்பட்டணத்துக் கோதண்டராமர் கோயில் பற்றிய கட்டுரைகள் நல்ல எடுத்துக்காட்டு ஆகும். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் இராமன் இங்குத் தங்கினான் என்ற ஊர்வழக்கு, இந்த ஊர் மக்கள் தங்கள் ஊர்ப்பெயரையும் கோயிலையும் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்ற கேள்விக்கு முதல்தரச் சான்று. கோயில் எப்போது கட்டப்பட்டது என்ற கேள்விக்கு அது சான்றாகாது. அதற்கு மண்டபத் தூண்களின் நாயக்கர் காலப் பாணி, கல்வெட்டு, கோயில் ஆவணம் ஆகியவற்றைத்தான் நாட வேண்டும். ஊர்வழக்கைப் பொய் என்று ஒதுக்கும் கட்டுரையும், அதையே வரலாறு என்று எழுதும் கட்டுரையும் ஒரே பிழையைத்தான் இரு திசைகளில் செய்கின்றன.

தமிழா, ஆங்கிலமா

மொழித் தெரிவு பல பாடங்களில் மாணவர் கையில் இல்லை. இருக்கும் இடங்களில், சான்று எந்த மொழியில் இருக்கிறது என்பதே முதல் அளவுகோலாக வேண்டும். விவசாயியின் பேச்சையும் ஆலையின் தொழிற்சொற்களையும் நம்பி நிற்கும் கட்டுரை தமிழில் எழுதப்பட்டால், பேட்டி வரிகளை மொழிபெயர்க்கும்போது தேய்ந்துபோகும் பொருள் காப்பாற்றப்படும். கெசட்டியர், பொருளாதார ஆய்விதழ்கள் ஆகியவற்றை நம்பி நிற்கும் கட்டுரைக்கு ஆங்கிலம் எளிது. அதைத் தமிழில் எழுதுபவர், கலைச்சொல்லை முதன்முறை பயன்படுத்தும்போது ஒரு வரியில் விளக்கிவிட்டு, இறுதிவரை அதே சொல்லையே பயன்படுத்த வேண்டும். தமிழில் தட்டச்சு செய்யும்போது ஒருங்குறி எழுத்துருவையே கேட்டுப் பெறுவது நல்லது, டி.டி.பி. மையத்தில் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு வேறு கணினியில் படிக்க முடியாமல் போகலாம்.

மேற்கோள் காட்டும் முறை

சான்றின் இருப்பிடத்தைக் காட்ட மூன்று முறைகள் பரவலாக உள்ளன. இலக்கியப் பாடங்களில் வழங்கும் எம்.எல்.ஏ. முறை, வாக்கியத்தின் முடிவில் ஆசிரியர் பெயரையும் பக்க எண்ணையும் அடைப்புக்குறிக்குள் தருகிறது. எந்த வரி எந்தப் பக்கத்தில் உள்ளது என்பது முக்கியமான இடத்தில் இது பொருந்தும். சமூக அறிவியலிலும் உளவியலிலும் வழங்கும் ஏ.பி.ஏ. முறை, பெயருடன் ஆண்டைத் தருகிறது. கருத்து எவ்வளவு புதியது என்று காட்ட இது உதவும். வரலாற்றில் வழங்கும் அடிக்குறிப்பு முறை, எண் ஒன்றை இட்டுப் பக்கத்தின் அடியில் முழு விவரத்தையும் தருகிறது. கெசட்டியர், அரசாணை, அடங்கல், பேட்டி ஆகிய பல வகைச் சான்றுகள் கலந்து வரும் கட்டுரைக்கு இதுவே வசதி, ஏனெனில் ‘வாழப்பாடி வட்டம், இன்ன கிராமத்து அடங்கல், பசலி 1434’ என்ற விவரத்தை அடைப்புக்குறிக்குள் திணித்தால் வாக்கியம் உடைந்துவிடும்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு கூடுதல் கவனம் தேவை. மேலைநாட்டு முறைகள் குடும்பப்பெயரை முன்னிறுத்துகின்றன. தமிழர் பெயரில் முன்னிற்கும் எழுத்து பெரும்பாலும் தந்தை பெயரின் தலையெழுத்தாக இருப்பதால், ‘கைலாசபதி, க.’ என்று இயற்பெயரை முதலில் வைத்து, பட்டியலைத் தமிழ் அகரவரிசையில் அமைப்பதே வழக்கம். எந்த முறையானாலும் துறை கேட்பதைப் பின்பற்ற வேண்டும். துறை எதுவும் சொல்லாவிட்டால், ஒன்றைத் தேர்ந்து அதையே இறுதிவரை மாற்றாமல் கையாள வேண்டும்.

ஆயத்த எழுத்தும் கருவிகளும்

கல்லூரி வாசல்களில் உள்ள ப்ராஜெக்ட் சென்டர்களில் ஆயத்தக் கட்டுரையை வாங்கி ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுப்பதும், உரையாடல் செயலியிடம் தலைப்பைக் கொடுத்து முழுக் கட்டுரையையும் வாங்கிக்கொள்வதும் இன்று எளிதாகிவிட்டன. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகள், ஒத்திருப்பு 10 விழுக்காடு வரை தண்டனையின்றியும், 10 முதல் 40 வரை, 40 முதல் 60 வரை, 60க்கு மேல் என்று படிப்படியாகக் கடுமையாகும் நடவடிக்கைகளுடனும் அமைந்துள்ளன. ஆயினும் அந்த விதிமுறைகளின் வரையறை அசைன்மென்ட், பருவக் கட்டுரை, ப்ராஜெக்ட் அறிக்கை ஆகியவற்றை வெளிப்படையாக விலக்கிவைக்கிறது; ஆகவே 10 விழுக்காடு வரை நகலெடுக்கலாம் என்று மாணவரிடையே வழங்கும் பேச்சுக்குப் பருவக் கட்டுரையில் இடமில்லை. இங்கே நடுவர் பாட ஆசிரியரே. அவர் விதித்த கட்டுப்பாடே கட்டுப்பாடு.

செயலிகளைப் பொறுத்தவரை, ஆசிரியர் அனுமதித்தால், எழுத்துப்பிழை பார்க்கவும் வாதத்தில் விடுபட்ட எதிர்க்கேள்வியைக் கேட்டறியவும் அவற்றைப் பயன்படுத்தலாம். சான்றின் மூலமாக அவற்றைக் கொள்ளக்கூடாது. இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் கொடுத்து நம்பும்படி எழுதுவது அவற்றின் அறியப்பட்ட குறைபாடு.

தேர்வில் தயங்குபவருக்கு

முதன்முறை எழுதும் மாணவர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தயங்கினால், ஆவணத்தை அடித்தளமாகவும் களத்தைச் சரிபார்ப்பாகவும் கொண்ட கலப்பு வழியே பாதுகாப்பானது: ஒரே ஓர் அறிக்கை, ஒரே ஒரு கிராமம், அந்த அறிக்கை சொல்வதை ஒப்பிட்டுக் கேட்கச் சில மனிதர்கள், பின்னணிக்கு இரண்டு மூன்று நூல்கள் ஆகியவை போதும். முதல் இரண்டு வாரங்களில் கேள்வியும் கையில் கிடைக்கும் சான்றுகளின் பட்டியலும் தயாராகி, ஆறாவது வாரத்துக்குள் சான்று திரட்டுவது முடிந்து, எட்டாவது வாரத்தில் மையக்கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுத முடிந்துவிட்டால், எஞ்சிய காலம் எழுதவும் திருத்தவும் தாராளமாக இருக்கும். எட்டாவது வாரத்திலும் அந்த ஒரு வாக்கியம் வரவில்லை என்றால், கேள்வி திரட்டிய சான்றைவிடப் பெரிதாக இருக்கிறது என்றே பொருள். அப்போது இன்னும் சான்று தேடி அலைவதைவிட, கையில் உள்ள சான்று விடையளிக்கக்கூடிய அளவுக்குக் கேள்வியைச் சுருக்கிக்கொண்டு ஆசிரியரிடம் ஒப்புதல் பெறுவதே முறை.